கட்டைக்கு அடியில்: புதுச்சேரியில் ஆர்மோனியம் முதல் டிஜிட்டல் ஆர்கன் வரை

ஆர்கன், ஆர்மோனியம், பியானோ, இன்றைய கீபோர்டு ஆகிய யாவும் வெளித்தோற்றத்தில் வெள்ளையும் கறுப்புமான ஒரே வகைக் கட்டைவரிசையைக் கொண்டிருந்தாலும், அந்தக் கட்டைக்கு அடியில் நடப்பது ஒவ்வொன்றிலும் வேறு. விரல் கட்டையை அழுத்துவதற்கும் ஒலி பிறப்பதற்கும் இடையில் அமைந்துள்ள நெம்புகோல், கம்பி, சுருள்வில், மூடி, மின்தொடர்பு ஆகியவற்றின் ஏற்பாட்டைக் கருவி செய்வோர் ‘ஆக்‌ஷன்’ என்று அழைப்பர். தமிழில் அதனைக் கட்டை இயக்கம் எனலாம். வீட்டில் வைத்து வாசிக்க ஒரு டிஜிட்டல் ஆர்கனைத் தேடுபவர் பெரும்பாலும் அதில் எத்தனை ஒலிவகைகள் உள்ளன, ஒலிபெருக்கி எவ்வளவு பெரிது என்பவற்றையே முதலில் கேட்கிறார். விரல் நாள்தோறும் உறவாடப்போவது கட்டையோடு என்பது அவருக்குப் பல மாதங்கள் கழித்தே தெரியவருகிறது. இந்தத் தேர்வு கணினிக் காலத்தில் புதிதாக முளைத்ததன்று. ஆர்மோனியம் பிறந்த பிரான்சு நாட்டின் ஆட்சியில் 1954 நவம்பர் வரை இருந்தமையாலும், தேவாலயப் பாட்டு, நாடகப் பாட்டு, ஆசிரம இசை, இசை ஆராய்ச்சி ஆகிய நான்கையும் ஒரு சிறிய நகரெல்லைக்குள் கண்டமையாலும், புதுச்சேரி இந்தக் கேள்வியின் நீண்ட வரலாற்றைக் காண்பதற்கு ஏற்ற ஊராகும்.

மூலக்கருவியான குழல் ஆர்கனில் கட்டை என்பது ஒரு கதவின் கைப்பிடி போன்றது. துருத்திகள் அழுத்தி நிரப்பிய காற்று ஒரு பெட்டிக்குள் அடைபட்டிருக்க, ஒவ்வொரு சுரத்தின் குழல்களுக்கும் செல்லும் வழியை ஒரு சிறு மூடி அடைத்திருக்கும்; கட்டையிலிருந்து மெல்லிய மரச்சட்டங்கள் பல திருப்பங்களின் வழியே சென்று அந்த மூடியைத் திறக்கும். மூடியை உள்ளிருக்கும் காற்றழுத்தம் இறுக்கிப் பிடித்திருப்பதால் கட்டை முதலில் சற்று முரண்டுபிடிக்கும். மூடி விலகியவுடன் எதிர்ப்பு சட்டெனக் குறைந்து கட்டை எளிதாகக் கீழிறங்கும். நன்கு பழகிய ஆர்கன் கலைஞர்கள் இந்தத் தொடக்க எதிர்ப்பைத் தடையாகக் கருதாமல் துணையாகக் கொள்கின்றனர். சுரம் எந்தக் கணத்தில் பிறக்கிறது என்பதை அது விரல்நுனிக்கு அறிவிக்கிறது. மூடியை மெதுவாகத் திறந்தால் குழல் தயங்கிப் பேசும், விரைவாகத் திறந்தால் தெளிவாகப் பேசும் என்பதால், இந்த இயக்கத்தில் விரலுக்கும் ஒலிக்கும் இடையே ஓர் உயிர்த்தொடர்பு உண்டு.

ஆர்கன்கள் பெரிதாகப் பெரிதாக இந்த எதிர்ப்பு விரலால் தாங்க முடியாததாயிற்று. சார்ல்ஸ் ஸ்பாக்மன் பார்க்கர் என்ற ஆங்கிலேயர், கட்டையின் சிறு அசைவைக் கொண்டு ஒரு குட்டித் துருத்தியை உப்பச் செய்து, அந்தத் துருத்தியே மூடியைத் திறக்கும்படியான ஒரு நெம்புகோலை உருவாக்கினார். பிரான்சின் பெரும் ஆர்கன் செய்கலைஞரான அரிஸ்டிட் கவாயே-கோல் 1841இல் பாரிஸை அடுத்த சென்-தெனி ஆலயத்தின் ஆர்கனில் அதனைப் பொருத்தினார். 1868இல் பாரிஸின் சென்-ஒகுஸ்தென் ஆலயத்தில் அதே பார்க்கர் மின்சாரத்தால் இயங்கும் கட்டைவரிசையை அமைத்தார். கட்டை கதவாக இருந்த நிலை மாறிச் சுவிட்சாக மாறத் தொடங்கிய இடம் இதுவே. பிற்காலத்து மின்னணு ஆர்கனின் எல்லா நன்மைகளும் எல்லாக் குறைகளும் இந்த ஒரு மாற்றத்திலிருந்தே கிளைத்தன எனலாம்.

இவ்வளவு பெரிய கருவிகள் கடல் கடந்து வருவது அரிது. ஆங்கிலேயரின் சென்னையில், எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் 1883இல் குழல் ஆர்கன் அமைந்தது போன்ற நிகழ்வுகள் உண்டு. ஆனால் மறைபரப்புப் பணிக்கு எளிய கருவியே தேவைப்பட்டது. பாரிஸ் அந்நிய மறைபரப்புச் சபை 1776இல் இயேசு சபையாரிடமிருந்து புதுச்சேரிப் பகுதியின் பணியை ஏற்றுக்கொண்டது. 1791இல் இன்றைய பேராலயம் எழுந்தது. தூய பவுலின் பிரெஞ்சுப் பெயரான ‘சாம் போல்’ என்பது மக்கள் நாவில் திரிந்து, அப்பேராலயம் இன்றும் சம்பா கோயில் என்றே வழங்குகிறது. கப்புச்சின் துறவியரின் நினைவாகக் கப்ஸ் கோயில் எனப்படும் தேவதூதர்களின் அன்னை ஆலயம் 1855இல் நிறைவுற்றது. அந்நிய மொழிப் பெயர்களைத் தன் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்ட இவ்வூர் மக்கள், அந்நியக் கருவிகளையும் அவ்வாறே வளைத்துக்கொண்டனர்.

கப்ஸ் கோயில் எழுந்த அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ஆர்மோனியமும் பிறந்தது. 1840களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் ‘ஆர்மோனியம்’ என்ற பெயரில் காப்புரிமை பெற்ற கருவியில் குழல்களே இல்லை. பித்தளை நாக்குகள் காற்றில் அதிர்ந்து ஒலித்தன. கால் மிதிகளால் துருத்தி இயங்கியதால் இரு கைகளும் கட்டைகளுக்கே உரியனவாயின. பெரும்பாலான கருவிகளில் ஐந்து எண்மச்சுரத் தொகுதிகளுக்கு 61 கட்டைகள் இருந்தன. இன்று விற்கும் வீட்டு ஆர்கன்களிலும் கட்டைவரிசை ஒன்றுக்கு 61 என்பதே வழக்கமாக நிலைத்துள்ளது. குழல் ஆர்கனைப் போல ஆலயச் சுவரோடு சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை, விலை குறைவு, கப்பலில் ஏற்றலாம் என்ற காரணங்களால் பிரெஞ்சு மறைபரப்பாளர்களின் விருப்பக் கருவியாக அது ஆயிற்று. அவர்கள் வழியாகவே ஆர்மோனியம் இந்தியாவுக்குள் நுழைந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. 1903இல் பத்தாம் பயஸ் பாப்பரசர் வழிபாட்டு இசை பற்றி வெளியிட்ட ஆணை தேவாலயத்தில் பியானோவைத் தடைசெய்து ஆர்கனுக்கு இடமளித்தது. ஆர்கனின் எளிய வடிவமாகக் கருதப்பட்ட ஆர்மோனியத்துக்கு இதனால் இடையூறு நேரவில்லை. சுத்தியலால் தந்தியை அடிக்கும் பியானோவின் எடையுள்ள கட்டையைவிட, சுருள்வில்லால் மீளும் மெல்லிய ஆர்மோனியக் கட்டையே தமிழ்க் கிறித்தவ இசைஞரின் விரலுக்கு முதன்மையான பழக்கமாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

இங்கு ஆர்மோனியக் கட்டையின் இயல்பைச் சற்று விரித்து நோக்க வேண்டும். அதுவும் ஒரு மூடியைத் திறக்கும் கதவுதான். ஆனால் உள்ளழுத்தம் குறைவாகையால் குழல் ஆர்கனின் தொடக்க முரண்டு அதில் ஏறக்குறைய இல்லை. விரல் உணர்வது வில்லின் சீரான எதிர்ப்பை மட்டுமே. கட்டையைப் பாதி அழுத்தினால் மூடி பாதி திறந்து, நாக்கு சோம்பலாக அதிரத் தொடங்கி, ஒலி மெலிந்தும் ஒரு நூலளவு தாழ்ந்தும் பிறக்கும். ஒலியின் வலிமை குறைந்து கூடுவதோ விரலில் இல்லை, காலில் இருந்தது. பிரெஞ்சு ஆர்மோனியத்தில் ‘எக்ஸ்பிரசியோன்’ என்றொரு குமிழ் உண்டு. அதனை இழுத்தால், காற்றைச் சேமித்து அழுத்தத்தைச் சீராக்கும் இடைப்பெட்டி விலக்கப்பட்டு, மிதியின் ஒவ்வோர் அசைவும் நேரே நாக்குகளைச் சென்றடையும். மிதி தளர்ந்தால் பாட்டு தளரும், மிதி துடித்தால் பாட்டு துடிக்கும். இந்தக் குமிழை ஆள்வதற்கு நெடுங்காலப் பயிற்சி தேவை. கையும் காலும் பணியைப் பகிர்ந்துகொண்ட இந்த ஏற்பாட்டை விளங்கிக்கொள்ளாமல், கட்டையை மட்டும் வைத்து ஆர்மோனியத்தை மதிப்பிடுவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

இந்தியாவில் அக்கருவி தரையிறங்கியது. கல்கத்தாவில் 1875இல் துவாரகாநாத் கோஷ் தொடங்கிய துவார்கின் நிறுவனம் 1880களில் கையால் துருத்தியை அசைக்கும் ஆர்மோனியத்தை உருவாக்கியது. தரையில் அமர்ந்து பாடுவோருக்கு அது வாய்ப்பாக இருந்ததால் நாடெங்கும் பரவியது. பிரான்சிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிக்க, ‘கீத்-ஷான்’ என்ற கைத்துருத்திப் பெட்டி வழக்கில் இருந்தது. ஒரு கை துருத்திக்குப் போய்விட்டதால் இரு கைகளாலும் பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் ஐரோப்பிய முறை கைவிடப்பட்டு, ஒரு கையால் ஒற்றை இழையாகப் பாட்டைத் தொடரும் முறை நிலைபெற்றது. விரல்கள் விரைந்து வழுக்கிச் செல்வதற்கேற்ப, எதிர்ப்பு மிகக் குறைந்த, அழுத்த ஆழமும் குறைந்த கட்டை இங்கே விரும்பப்பட்டது.

தமிழிசை உலகில் இக்கட்டை பெற்ற இடத்துக்கு மொழியே சான்று. பாடகரின் ஆதார சுருதியை ‘ஒரு கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்று அளக்கும் வழக்கம் ஆர்மோனியத்தின் கட்டைவரிசையிலிருந்து வந்ததேயாகும். வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, இடைப்பட்ட கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என வைத்தனர். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாமையால் மூன்றரைக் கட்டை என்ற சுருதியே தமிழில் இல்லை. ஆர்மோனியம் வேண்டாம் என்று ஒதுக்கிய வித்துவானும் தம் சுருதியை ஆர்மோனியக் கட்டையாலேயே சொல்லிவந்தார்.

நாடகக் கொட்டகைகளில் கால் மிதியுள்ள பெரிய ஆர்மோனியம் நிலைத்து நின்றது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்கும் குரலுக்கு ஈடுகொடுக்க அதன் வலிமை தேவைப்பட்டது. நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவுக்குப் பக்கத்துணையாக வாசித்த காதர் பாட்சாவைப் போன்றோர் தாமே தனிப்பெரும் புகழ் பெற்றனர். பாடகர் விட்ட இடத்தில் ஆர்மோனியப் பெட்டி எடுத்துத் தொடர்வதைக் கேட்பதற்கென்றே மக்கள் கூடினர். தமிழ் நாடக ஆசிரியர்களுள் தலையாயவரான சங்கரதாஸ் சுவாமிகள் தம் இறுதி நாள்களைப் புதுச்சேரியில் கழித்து, 1922 நவம்பர் 13ஆம் நாள் இங்கேயே மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி உள்ளது. நாடகத் தமிழின் பெருமகனார் துயிலும் இம்மண்ணில் மேடைப் பெட்டியின் வரலாற்றையும் சேர்த்து நினைவுகூர்வதே முறையாகும்.

எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் சங்கீதத்தைப் பற்றி எழுதிய உரைநடையில் ஆர்மோனியத்தைக் கடிந்துள்ளார். 1940 மார்ச்சு முதல் அகில இந்திய வானொலி தன் நிலையங்களில் அதனை விலக்கி வைத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த விலக்கு நீடித்தது. பிரெஞ்சு எல்லைக்குள் அந்த ஆணை செல்லாதெனினும், சென்னை, திருச்சி நிலையங்களின் ஒலிபரப்பு எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. எதிர்ப்பாளர் கூறிய காரணங்கள் இரண்டு. எண்மச்சுரத் தொகுதியைப் பன்னிரண்டு சமபங்குகளாக்கிய அதன் சுரங்கள் நம் இராகங்களின் நுண்சுருதிகளோடு பொருந்துவதில்லை என்பது ஒன்று. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து அசையும் கமகம் கட்டைகளில் வராது என்பது மற்றொன்று. முதலாவது நாக்குகளைச் சேர்க்கும் முறையைப் பற்றியது. இரண்டாவதே கட்டை இயக்கத்தைப் பற்றியது. தேர்ந்த ஆர்மோனியக்காரர் அரைத்திறப்பு, விரைந்த ஒட்டுச்சுரம், துருத்தியின் துடிப்பு ஆகியவற்றால் கமகத்தின் சாயலைக் கொணர்ந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாயல் சாயலே. எதிர்ப்பாளரின் செவி பிழைபட்டதென்று கூற முடியாது.

இவ்விரு குறைகளையும் கருவியைத் திருத்தியே தீர்க்கலாம் என்று நம்பிய ஓர் அறிஞர் இதே புதுச்சேரியில் சில ஆண்டுகள் பணியாற்றினார் என்பது இவ்வரலாற்றின் சிறப்பான பகுதி. நெடுங்காலம் காசியில் வாழ்ந்து வீணை பயின்ற பிரெஞ்சுக்காரரான அலென் தனியேலு, 1954இல் சென்னை அடையாறு நூலகத்துக்கு வந்து, 1956 முதல் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனத்தோடு இணைந்திருந்தார். ழான் ஃபிலியோசா 1955இல் தொடங்கிய அந்நிறுவனத்தில், அறிஞர் என். ஆர். பட்டுடன் சேர்ந்து வடமொழி இசை நூல்களைப் பதிப்பித்தார்; பின்னர்ச் சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். நுண்சுருதிகளைக் கட்டைகளில் அமைப்பது அவருடைய வாழ்நாள் வேட்கை. 1930களிலேயே மோரிஸ் மார்த்தெனோ என்ற கருவியாளரின் துணையோடு அவர் இம்முயற்சியைத் தொடங்கியிருந்தார். எண்மச்சுரத் தொகுதிக்கு 36 சுரங்களைக் கொண்ட ‘செமான்திக்’ என்ற மின்னணுக் கருவி 1993இல், அதாவது அவர் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், உருவாயிற்று.

அந்த மார்த்தெனோ 1928இல் பாரிஸில் மேடையேற்றிய மின்னிசைக் கருவி, கட்டை இயக்க வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. பின்னர் அதனோடு சேர்க்கப்பட்ட கட்டைவரிசை மேலும் கீழும் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் சிறிது அசையும்படி தொங்கவிடப்பட்டிருந்தது. கட்டையை அழுத்திய விரலை இடமும் வலமும் அசைத்தால் சுரமும் அசைந்தது. வீணையின் மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்பும் செயலுக்கு ஐரோப்பியக் கட்டைவரிசை அதற்கு முன் இவ்வளவு அருகில் வந்ததில்லை. அந்த வழி பெருவழியாக வளராமற் போனது தமிழிசைக்கு நேர்ந்த இழப்பென்றே கருத வேண்டும்.

புதுச்சேரி நகரின் மறுபுறம், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் ஆர்கன் வேறொரு பயனைக் கண்டது. 1878இல் பாரிஸில் பிறந்து, 1914இல் முதன்முறையும் 1920இல் நிலையாகவும் புதுச்சேரிக்கு வந்த மிர்ரா அல்ஃபாசா, அன்பர்களால் ஸ்ரீ அன்னை எனப்படுபவர், எழுதிவைத்த இசையைத் தழுவாமல் அந்தக் கணத்தில் தோன்றியவாறு ஆர்கனில் வாசிக்கும் வழக்கமுடையவர். அவ்வாசிப்புகள் பல ஒலிப்பதிவுகளாக உள்ளன. ஆசிரமப் பள்ளியில் ஆசிரியராயிருந்த சுனில் பட்டாச்சார்யா 1965 முதல் ஆண்டுதோறும் புத்தாண்டு இசையை அமைத்தார். 1968இல் ஆரோவில் தொடக்க விழாவுக்கும் அவரே இசை அமைத்தார். இந்திய இராகமும் மேற்கத்தியக் கூட்டொலியும் கலந்த அவ்விசையில் மின்னணுக் கட்டைக்கருவிகள் வளமாகப் பயன்பட்டன. நீண்டு நிலைத்து மெல்ல நிறம் மாறும் ஒலியே அங்கு நோக்கம். அதற்கு விரலின் வேகத்தை அளக்கும் கட்டை தேவையில்லை, அழுத்தியதை அயராமல் தாங்கும் இலேசான கட்டையே போதும்.

மின்னணு ஆர்கன்கள் கட்டையை முழுமையாகச் சுவிட்சாக்கின. 1935இல் விற்பனைக்கு வந்த ஹாமண்ட் ஆர்கனில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒன்பது மின்தொடர்புகள் இருந்தன; அவை ஒரே கணத்தில் இணையாமல் அடுத்தடுத்து இணைந்ததால் எழுந்த சிறு ‘கிளிக்’ ஓசையைப் பிழையெனக் கருதிய காலம் போய், இசைஞர்கள் அதனையே விரும்பும் காலம் வந்தது. 1971இல் ஆலன் நிறுவனம் முதல் டிஜிட்டல் தேவாலய ஆர்கனை வெளியிட்டது. 1983இல் வந்த ‘மிடி’ என்ற பொதுமொழி, ஒரு நிறுவனத்தின் கட்டைவரிசையை இன்னொன்றின் ஒலிப்பெட்டியோடு இணைக்க வழிசெய்தது. 2002இல் வெளியான ‘ஹாப்ட்வெர்க்’ என்ற மென்பொருள், உண்மையான குழல் ஆர்கன்களின் பதிவுகளை வீட்டுக் கணினியில் ஒலிக்கச் செய்தது. ஒலி கணினிக்குள் சென்றுவிட்ட பின், வீட்டில் கையால் தொடும்படி எஞ்சியது கட்டைவரிசை ஒன்றே. அதனால்தான் கட்டை இயக்கத்தின் தேர்வு இன்று முன்னெப்போதையும்விடப் பெரிதாகியுள்ளது.

சந்தையில் கிடைப்பவற்றை மூவகையாகப் பார்க்கலாம். கீபோர்டுகளில் உள்ள இலேசான வில்கட்டை முதல் வகை. ஆலயப் பாடற்குழுக்களில் பெரிதும் காணப்படுவது இதுவே. இரண்டாவது, டிஜிட்டல் பியானோக்களில் உள்ள சுத்தியல் எடைக் கட்டை. தரம் உயர்ந்ததென்று எண்ணி ஆர்கனுக்கும் இதனையே வாங்குவோர் உண்டு. அது பொருந்தாத தேர்வு; பியானோவில் விரலை எடுக்கும் கணம் ஓரளவே முக்கியம், ஆர்கனிலோ சுரம் முடியும் கணமும் தொடங்கும் கணத்தைப் போலவே செவிக்குத் தெளிவாகத் தெரியும்; எடைமிகுந்த கட்டை மெல்ல மீள்வதால் சுரங்களின் முடிவு மழுங்கும், விரலும் விரைவில் சோரும். மூன்றாவது, ‘டிராக்கர் டச்’ எனப்படும் கட்டை. காந்தத்தாலோ வில்லமைப்பாலோ தொடக்கத்தில் ஒரு சிறு முரண்டைச் செயற்கையாக உண்டாக்கி, காற்றழுத்தம் பிடித்த மூடியின் நினைவை விரலுக்குத் தருவது அது. இத்தாலியின் ஃபதார் போன்ற நிறுவனங்கள் இவ்வகைக் கட்டைவரிசைகளைச் செய்து பல ஆர்கன் நிறுவனங்களுக்கு அளிக்கின்றன. ஐரோப்பிய ஆர்கன் இசையை முறையாகப் பயில்பவருக்கு இதுவே தக்கது. ஆனால் ஆர்மோனியத்தில் வளர்ந்து, ஒட்டுச்சுரங்களை வழுக்கி வாசிக்கும் விரலுக்கு அந்த முரண்டு ஒவ்வொரு சுரத்திலும் ஒரு படிக்கல்லாக இடறும். அத்தகையவர் நல்ல வில்கட்டையைத் தேர்வதில் எந்தத் தாழ்வும் இல்லை. கடற்கரை நகரின் உப்புக்காற்றும் ஈரமும் இதில் ஒரு தரப்பாக நிற்கின்றன: மரக்கட்டைகள் மழைக்காலத்தில் உப்பி ஒன்றோடொன்று உரசும், திறந்த உலோகத் தொடர்புகள் களிம்பேறும், காந்தப்புலத்தாலோ ஒளியாலோ கட்டையின் அசைவை அறியும் உணரிகளில் உரசும் உலோகம் இல்லாமையால் அவை இங்கு நீடித்துழைக்கக் கூடியவை.

கடையில் ஒரு கட்டையை மிக மெதுவாக அழுத்திப் பார்த்தால், ஒலி எந்த ஆழத்தில் பிறக்கிறதென்பது புலப்படும். விரலின் வேகத்தை அளப்பதற்காக ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு இரப்பர் தொடர்புகளை வைத்த கீபோர்டுகளில், இரண்டாவது தொடர்பு அடியில் இணைந்த பின்னரே ஒலி எழுவது வழக்கம். ஆர்கனுக்கெனச் செய்யப்பட்டவற்றில் மேற்பகுதியிலேயே, மூடி விலகும் இடத்திலேயே, எழும். எந்த வகையாயினும் ஒலி ஒரு புள்ளியில் முழுமையாகப் பிறந்துவிடுகிறது. பழைய ஆர்மோனியப் பெட்டியில் அரைத்திறப்பில் தயங்கிப் பிறந்த அந்த மெல்லொலிக்கு அங்கு இடமில்லை. கட்டை இறங்கும் ஆழம் முழுவதையும் இடைவிடாமல் அளக்கும் உணரிகள் இப்போது சில கருவிகளில் வந்துள்ளன. பாதி திறந்த மூடியைப் பாதி திறந்ததாகவே கணினிக்குச் சொல்ல அவற்றால் முடியும்.